ஆண்டறிக்கை: முதல் ஒலிம்பிக் பதக்கங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் நாணய, பதக்கச் சேகரிப்போர் சங்கத்தின் இந்த ஆண்டுக் கூட்டங்களில் பெரும்பகுதி 1896 முதல் 1928 வரையிலான ஒலிம்பிக் பதக்கங்களுக்கே போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆய்வில் தெளிவானதை மட்டும் நான் சொல்கிறேன்.

1896 ஏதென்ஸ் போட்டியில் தங்கப் பதக்கமே கிடையாது. முதலிடத்துக்கு வெள்ளி, இரண்டாமிடத்துக்கு வெண்கலம், மூன்றாமவருக்கு வெறுங்கை. யாராவது ‘1896 தங்கம்’ என்று விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ஷாப்லான் வடித்த முகப்பு முழுக்கக் கிரேக்கக் கடவுள் ஜீயஸின் தாடி முகம். ஜீயஸின் கையிலுள்ள உருண்டையின் மேல் சிறகு விரித்த வெற்றித் தேவதை. பின்பக்கம் ஏதென்ஸின் குன்றுக் கோட்டையான அக்ரோபோலிஸ். விட்டம் 48 மி.மீ., எடை 47 கிராம்.

இவ்வளவு புடைப்புள்ள பதக்கத்தை அச்சில் வைத்து அடிக்கும்போது, ஒரே அடியில் உலோகம் அச்சை நிறைக்காது. அடித்ததும் உலோகம் இறுகிவிடும். காய்ச்சி ஆறவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் மூக்கு, தாடிச் சுருள் போன்ற மேட்டுப் பகுதிகள் மழுங்கும், அச்சே விரிசல் விடும். போலி செய்பவர்கள் இந்தப் பாட்டைத் தவிர்க்க உலோகத்தை உருக்கி வார்த்துவிடுவார்கள். வார்த்த உலோகம் ஆறும்போது 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். 48 மி.மீ.யில் அது அரை முதல் ஒரு மி.மீ. வரை வரும், அதைப் பிடிக்க ஸ்கேல் போதாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும். லென்ஸில் பார்த்தால் எழுத்தோரங்களில் ஊசிமுனைக் குழிகளும் விளிம்பில் அரம் ராவிய கோடுகளும் தெரியும்.

1900 பாரிஸ் பதக்கம் செவ்வகம், 59க்கு 41 மி.மீ.; சிற்பி வெர்னோன். கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாமிடம் பிடித்தது இந்தப் போட்டியில்தான். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904 செயின்ட் லூயிஸில் தொடங்கியது. 1912 ஸ்டாக்ஹோமின் 33 மி.மீ., 24 கிராம் பதக்கமே கடைசி முழுத் தங்கம். பிறகு வந்தவை முலாம் பூசிய வெள்ளி. அதனால்தான் பாலிஷ் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். மேட்டில் முலாம் தேய்ந்தால் திரும்பாது. வெண்கலத்தின் பழைய பழுப்புப் படலமும் அப்படித்தான். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு ஏறும். ரப்பர் பேண்டு பட்டால் வெள்ளி கறுக்கும்.

1928 ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி வென்றது இத்தாலியர் காசியோலி வடித்த பதக்கம். அமர்ந்த வெற்றித் தேவதைக்குப் பின்னே ரோமானிய அரங்கமான கொலோசியம் தெரியும். கிரேக்க விளையாட்டுக்கு இது பொருந்தாது. அந்தப் பிழை 2000 வரை நீடித்து, 2004இல்தான் கிரேக்க அரங்கம் இடம்பெற்றது.

0.01 கிராம் துல்லியமுள்ள தராசு ஒன்றும் காலிப்பர் ஒன்றும் வாங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்