சிட்டாவும் எட்கர் காடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவந்த கணினி முன்னோடிகள் பற்றிய கட்டுரையில் எட்கர் காட் பெயர் விடுபட்டிருந்தது. வங்கி முதல் வட்டாட்சியர் அலுவலகம் வரை இன்று நாம் பழகும் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை, அவர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரே கட்டுரையின் வழிவந்தவை என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1923இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கணிதம் பயின்று, உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிய காட், 1948இல் நியூயார்க் சென்று ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். முனைவர் பட்டம் பெற்றபோது அவர் நாற்பதைக் கடந்துவிட்டார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அதற்கும் ஐந்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது.

அதன் அருமை, பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் வருவாய்த்துறை எழுத்தராகப் பணியாற்றிய எனக்கு எளிதில் விளங்கியது. சிட்டா பட்டா எண் வரிசையிலும், அ-பதிவேடு புல எண் வரிசையிலும் இருக்கும். ஒருவருக்கு எங்கெங்கே நிலம் உள்ளது என்றால் முன்னதையும், ஒரு புலம் யாருடையது என்றால் பின்னதையும் புரட்டுவோம். பட்டா மாறுதல் உத்தரவு வந்ததும் இரண்டிலும் சிவப்பு மையால் அடித்துத் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்தி மற்றதில் விட்டுவிட்டால், விற்றவரும் வாங்கியவரும் ஒரே நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக நிற்பார்கள். அப்படி விட்டுப்போன ஒரு வரிக்காக ஒரு பெரியவர் மூன்று மாதம் எங்கள் அலுவலகப் படியேறினார், விட்டது நான்தான்.

அக்காலக் கணினிக் கோப்புகளும் இப்படித்தான் இருந்தன. தரவு எந்தக் கிளையில், எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளது என்று அறிந்தே நிரல் எழுத வேண்டும். அடுக்கை மாற்றினால் நிரலும் கெடும். எந்தச் செய்தியையும் ஒரே இடத்தில் அட்டவணையாக வைத்து, அட்டவணைகளைப் பொது மதிப்புகளால் இணைத்தால், எந்தப் பக்கமிருந்தும் கேள்வி கேட்கலாம் என்று காட் கணிதத்தின் துணையோடு நிறுவினார். வட ஆற்காடு 1989இல் இரண்டாகவும், வேலூர் 2019இல் மூன்றாகவும் பிரிந்தபோது, ஒவ்வொரு வரியிலும் மாவட்டப் பெயரை எழுதி வைத்தவர்கள் எத்தனை வரிகளைத் திருத்தியிருக்க வேண்டும்!

காட் பணியாற்றிய நிறுவனமோ, நன்றாக விற்றுக்கொண்டிருந்த தன் பழைய மென்பொருளை விட்டுவிடத் தயங்கியது. காட் சொன்ன முறையில் அமைந்த தரவுத்தள மென்பொருளோடு ஆரக்கிள் 1979இல் முந்திக்கொண்டு சந்தைக்கு வர, ஐபிஎம் 1981இல்தான் வந்தது. அதே ஆண்டில் காடுக்குக் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. பின்னர் 1985இல் இத்தகைய தரவுத்தளங்களுக்கு அவர் வகுத்தவற்றைப் பன்னிரண்டு விதிகள் என்பார்கள்; பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று வரும்.

அந்த 1970ஆம் ஆண்டுக் கட்டுரை பதினோரு பக்கங்களே. வேலூர், காட்பாடிப் பகுதிக் கல்லூரிகளில் தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் கட்டளைகளை மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்காக, அதன் சாரத்தை எளிய தமிழில் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.