கண்ணாடி அறைக்கு நிரந்தரக் கூரை: தாங்கும் மரத்தை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பகுதிகளில் வீட்டின் இஸ்தோப்பை (விறாந்தையை) முன்னால் நீட்டி, கண்ணாடியோ ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடோ வேய்ந்த அறைகளைப் பலர் வைத்திருக்கின்றனர். மழைக்காலத்தில் துணி உலர்த்தவும் பூச்சட்டி வைக்கவும் பயன்படும் அந்த அறைகளுக்கு இப்போது நிரந்தரக் கூரை போடுகின்றனர். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. நண்பகலில் புழுங்கி, சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் விறைத்துப்போகும் அறையில் பிள்ளைகளை இருத்திப் படிக்க வைக்க முடியாது.

கவலை தருவது மாற்றும் முறையே. பிளாஸ்டிக் தகடு சதுர மீற்றருக்கு ஓரிரு கிலோ எடையுள்ளது. துத்தநாக அலுமினியத் தகடு சுமார் 5 கிலோ. களிமண் ஓடோ சுமார் 40 கிலோ. பிளாஸ்டிக் தகட்டுக்கென்று நாட்டிய மெல்லிய மரங்களின் மேல் ஓடு வேய்ந்தால், 12 சதுர மீற்றர் அறைக்கு ஏறத்தாழ அரை தொன் பாரம் ஏறுகிறது; மழையில் ஓடு நனைய அது மேலும் கூடுகிறது. அத்தகைய அறைகளின் கூரைச்சரிவும் பெரும்பாலும் குறைவு என்பதால், காற்றோடு அடிக்கும் சாரல் ஓடுகளின் இடுக்கில் உள்ளே இறங்கிவிடும். பாரம் குறைந்த தகட்டைத் தெரிந்தெடுத்தால் வேறொரு ஆபத்து உண்டு: தென்மேல் பருவக்காற்று அதைத் தூக்கப் பார்க்கும். ஆகவே தகட்டை மரத்தோடும், மரத்தைத் தூணோடும், தூணை அத்திவாரத்தோடும் இறுகப் பிணைத்தாக வேண்டும். ஆணி மட்டும் அடித்துவிட்டுப் போவது போதாது.

அடுத்தது ஈரம். சமையலின் ஆவியும் உலரும் துணியின் ஈரமும் இரவில் குளிர்ந்த தகட்டின் அடியில் பட்டு நீராகச் சொட்டும்போது, கூரை ஒழுகுவதாக எண்ணிப் கூரை வேய்ந்த பாஸைத் (மேசனைத்) திரும்ப அழைத்துத் தார் பூசுகிறார்கள். தார் பூசி இதை நிறுத்த முடியாது. தகட்டுக்கு அடியில் வெப்பந்தடுக்கும் விரிப்பு இட்டு, அதற்கும் உட்கூரைக்கும் இடையே காற்று புகுந்து வெளியேற வழிவிட வேண்டும். வீட்டுச் சுவரும் புதிய கூரையும் சந்திக்கும் இடத்தில் சுவரை வெட்டி, இடுக்கில் நீர் இறங்காமல் மறைக்கும் வளைதகடு சொருகாவிட்டால், உண்மையான ஒழுக்கு அங்கேதான் தொடங்கும்.

வெளிச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. பின்னாலுள்ள அறைக்குக் கண்ணாடிக் கூரை வழியாகவே பகல் ஒளி வந்திருந்தால், அதே அலைவடிவுடைய ஒளிபுகும் தகடு ஒன்றிரண்டை இடையில் விட்டு வேயலாம். செலவு குறைவென்று அஸ்பெஸ்டஸ் போடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது, வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூசியை முதலில் சுவாசிப்பவர் வேலை செய்யும் தொழிலாளியே.

இவற்றையெல்லாம் வீட்டுக்காரர் தாமே அறிந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. சேமிப்பையோ நகை அடகு வைத்த பணத்தையோ கொண்டுதான் பலர் இந்த வேலையைத் தொடங்குகின்றனர். எனவே மலையக உள்ளூராட்சி மன்றங்கள், கூரை மாற்ற விரும்புவோரின் வீட்டுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தரை முன்கூட்டியே அனுப்பி, இருக்கும் மரமும் தூணும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அடுத்த தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்குவதற்கு முன் இது நடைமுறைக்கு வருவது அவசியம்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
நுவரெலியா