பக்கவாட்டில் ஒரு கதவு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம்.

'ஸ்னோபியர்சர்' படத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் மிகை, பணக்காரர்கள் இவ்வளவு கொடூரமாகவா இருப்பார்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கு அது மிகையாகப்படவில்லை. உலகமே பனியில் உறைந்துபோக, மிஞ்சிய மனிதர்கள் ஒரே ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்; முன்பெட்டிகளில் பணக்காரர்கள், கடைசிப் பெட்டியில் ஏழைகள். போங் ஜூன் ஹோ 2013இல் எடுத்த அந்தப் படத்தில் கொடுமையைவிட, கொடுமைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்குதான் என்னைக் கலங்கடித்தது.

கடைசிப் பெட்டிக்காரன் ஒருவன், பிள்ளையைப் பறித்துக்கொண்ட ஆத்திரத்தில் ஷூவைக் கழற்றி வீசுகிறானே, நினைவிருக்கிறதா? தண்டனையாக அவன் கையை ரயிலின் துளை வழியாக வெளியே பனியில் நீட்டிவைக்கிறார்கள். கை உறையும்வரை நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அமைச்சர் மேசன், அதே ஷூவை அவன் தலைமேல் வைக்கச் செய்து பிரசங்கம் செய்கிறாள்: தொப்பிக்கு இடம் தலை, ஷூவுக்கு இடம் கால், நான் தொப்பி, நீங்கள் ஷூ. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சு முடிந்ததும் உறைந்த கையைச் சம்மட்டியால் நொறுக்குகிறார்கள்.

அதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிடுகிறது. மஞ்சள் கோட்டுக்காரி ஒருத்தி வந்து குழந்தைகளின் உயரத்தை டேப்பால் அளக்கிறாள். எதற்கென்று அப்போது தெரிவதில்லை. கடைசியில் எஞ்சினின் தரைப்பலகையைத் தூக்கினால் உள்ளே ஒரு சிறுவன்! தேய்ந்துபோன பாகத்துக்கு மாற்று இல்லாததால், அதன் வேலையை அவன் கைகள் செய்துகொண்டிருக்கின்றன. அந்த இடுக்குக்குள் நுழையச் சின்ன உடம்புதான் வேண்டும். டேப்பு அதற்குத்தான். முன்பெட்டியில் சுஷி தின்றுகொண்டிருப்பவனுக்கு அந்தச் சிறுவன்மேல் வெறுப்பே கிடையாது. அவன் இருப்பதே தெரியாது. அவன் கையால்தான் இவன் வண்டி ஓடுகிறது. முருகேசா, இதில் மிகை எங்கே இருக்கிறது?

1927இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' இந்தப் படங்களுக்கெல்லாம் மூத்தது. மேலே மாட மாளிகைகள், பூமிக்கடியில் தொழிலாளர் குடியிருப்பு. ஷிப்டு மாறும்போது தலை குனிந்த இரண்டு வரிசைகள் எதிரெதிராக நடக்கும். பத்து மணி நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்றும் உண்டு; தொழிலாளிக்கு 11811 என்று எண் உண்டு. இவ்வளவையும் காட்டிவிட்டு, மூளைக்கும் கைக்கும் நடுவே இதயம் இருந்தால் போதும் என்று முதலாளியையும் ஃபோர்மனையும் கைகுலுக்க வைத்துப் படத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்கவே இல்லை. லாங்கே பிற்பாடு அதில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லியிருக்கிறார். கைகுலுக்கிய மறுநாள் அந்தக் கடிகாரத்தை யாராவது மாற்றுவார்களா?

போங் அந்த சமாதானத்தை ஏற்கவில்லை. கடைசிப் பெட்டிக்காரர்களின் கலகத்துக்குத் தலைமை தாங்கி, பெட்டி பெட்டியாகச் சண்டை போட்டு முன்னேறுகிற கர்டிஸுக்குக் கிடைப்பது என்ன? கலகம்கூட ஆள்தொகையைக் குறைக்க மேலே போட்ட கணக்குதான் என்ற உண்மையும், முதலாளியின் நாற்காலியும். அதில் அவன் உட்கார்ந்துவிட்டால் ரயில் அப்படியே ஓடும். பூட்டுகளைத் திறக்க வந்த நம்கூங் மின்சூ மட்டும் முன்கதவைப் பார்க்கவில்லை. பதினேழு வருடம் மூடியே கிடந்ததால் எல்லோரும் சுவர் என்றே நினைத்துவிட்ட பக்கவாட்டுக் கதவை உடைத்து வெளியே போகலாம் என்கிறான். அந்த வெடிப்பில் ரயிலே கவிழ்ந்துவிடுகிறது, எத்தனையோ உயிர் போகிறது. அந்த விலை சரிதானா என்பதில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. உன்னோடு பேச வேண்டியது அதைத்தான்.

'மெட்ரோபோலிஸ்' பார்ப்பதானால் 2010இல் வந்த நீண்ட பதிப்பைப் பார். 2008இல் புவனோஸ் ஐரிஸில் கிடைத்த பிரதியிலிருந்து, பல காலம் காணாமல்போயிருந்த காட்சிகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுது. தங்கையையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு