கொல்லையில் ஒரு கான்பெரா

அன்புள்ள சுந்தரம்,

நலம். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மெதுவாக ஏறு, மேலே ஒன்றும் ஓடிப்போகாது. இங்கே இங்கிலாந்தில், லிங்கனில் வழக்கம்போல மழை. பேரனுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அவன் எனக்கு போனைச் சொல்லிக்கொடுக்கிறான். இருவரும் மக்கு மாணவர்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பழைய கான்பெரா குண்டுவீச்சு விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், ஆக்ராவில் நம் விமானப்படையின் 106-ஆவது ஸ்க்வாட்ரனில் நீ கட்டிக்கொண்டு அழுதாயே, அதே கான்பெரா. மியூசியத்தில் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஒரு வீட்டுக் கொல்லையில், ரோஜாச் செடிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில்.

முழு விமானம் இல்லை, மூக்கு மட்டும். இந்த ஊரில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற விமானத்தை உடைக்கும்போது இறக்கை, வால் எல்லாம் அலுமினிய எடைக்குப் போய்விடும். காக்பிட்டுக்குப் பின்னால் அறுத்தால் முன்பகுதி ஒரு ட்ரெய்லரில் அடங்கிவிடும். அதைக் காயலான் கடைக்காரரிடம் பேசி வாங்கி வீட்டுக்கு இழுத்து வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நியூவார்க் விமான மியூசியத்தில் இதற்கென்றே ஒரு திருவிழா உண்டு. அவரவர் காக்பிட்டை ட்ரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள், நம் ஊரில் தேர் இழுப்பது போல.

இந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பிளம்பர். விமானம் ஓட்டியவரும் இல்லை, படையில் இருந்தவரும் இல்லை. சின்ன வயதில் வீட்டுக் கூரைக்கு மேலே கான்பெரா போவதை அண்ணாந்து பார்த்தவர், அவ்வளவுதான். வாங்கியபோது டயல் பலகை பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்ததாம். ஒவ்வொரு டயலாகத் தேடிப் பிடித்து ஒன்பது வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் காட்டியதில் என்னை உலுக்கியது ஒரு சின்ன டயல். பழைய டயல்களில் முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் கலந்த பெயின்ட் அடித்திருப்பார்கள் இல்லையா? அந்தப் பெயின்ட் பழுப்பேறிவிட்டது, இருட்டில் மினுங்குவதும் இல்லை. நான் அது செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒளிரும் சரக்குதான் செத்ததாம், ரேடியம் சாகவில்லை. பாதி குறையவே 1600 வருஷம் ஆகுமாம். அவர் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனார். தாளிப்புக் கரண்டியில் கடுகு பொரிவது போலப் படபடவென்று சத்தம். கண்ணாடியைக் கழற்றாதே, உள்ளே இருக்கும் தூளை மூச்சில் இழுக்காதே என்பதுதான் இவர்கள் பாலபாடம். நீ எத்தனை டயலைச் சட்டைக் கையால் துடைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எஜெக்‌ஷன் சீட், அதாவது ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை, அப்படியே இருக்கிறது. தோட்டாக்களை எல்லாம் எடுத்து, வெறும் நாற்காலி ஆக்கிவிட்டுத்தான் கொல்லைக்குள் விட்டாராம். மழையைவிடத் தார்ப்பாய்க்குள் வேர்க்கும் ஈரம்தான் உலோகத்தைத் தின்கிறது என்று உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார். "எங்கள் படுக்கையறையைவிட அதற்குத்தான் கதகதப்பு" என்றார் அவர் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் முழுச் சிரிப்பில்லை.

வலது பக்கத்து வாசல் வழியாக என்னை உள்ளே ஏற்றினார்கள். உடம்பு போய்விட்டது, வயிறு கொஞ்சம் யோசித்தது. உட்கார்ந்ததும் ஒரு வாசனை வந்தது பார். ரப்பர், பழைய எண்ணெய், தோல் எல்லாம் கலந்து. நீ லீவில் வந்து ட்ரங்குப் பெட்டியைத் திறப்பாயே, அதே வாசனை! அம்மா "பெட்டியை வெயிலில் வையடா" என்று கத்துவாரே, நினைவிருக்கிறதா? நாற்பது வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஒரு ரோஜாச் செடி ஓரத்தில் அதை மறுபடி முகர்ந்தேன். அப்புறம் குப்புறப் படுத்து மூக்கு நுனிக்கு ஊர்ந்தேன். குண்டு போடுகிறவர் படுத்துக் குறிபார்க்கும் இடம். கண்ணாடி வழியாகப் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தி துல்லியமாகத் தெரிந்தது.

டீ குடிக்கும்போது உன் பெருமையை அவிழ்த்துவிட்டேன். பிரிட்டனில் கான்பெரா 2006-இல் ஓய்வு பெற்றது, நம்மிடம் 2007 மே வரை பறந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1999 மே மாதம் கார்கில் பக்கம் படம் எடுக்கப் போன கான்பெராவுக்கு ஏவுகணை அடித்து, விமானி பெருமாள் ஒற்றை இஞ்சினில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிய கதை தெரியாது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அமெரிக்காவில் ஓரிகன் காட்டுக்குள் ஒரு என்ஜினியர் 1999-இல் ஒரு லட்சம் டாலருக்கு முழு போயிங் 727-ஐ வாங்கி அதிலேயே குடியிருந்தார், படித்திருப்பாய். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கே விமானம் வீடாகிவிட்டது. இங்கே அது விமானமாகவே இருக்கிறது, மூக்கு மட்டும்தான் மிச்சம் என்றாலும். அரக்கோணத்தில் உன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே பறந்த கடற்படை விமானம் டுபலேவ் 142-ஐ 2017-இல் விசாகப்பட்டினம் கடற்கரை மியூசியத்துக்குக் கொண்டுபோனபோது நீ எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. "சத்தம் போன பிறகு தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருந்தாய்.

முக்கியமான விஷயம். இடது பக்கப் பலகையில் ஒரு சுவிட்சுக்கு லேபிள் போய்விட்டது. பிளம்பர் ஐயாவுக்குப் புரியவில்லை. படம் உள்ளே வைத்திருக்கிறேன். இது குண்டு போடும் பி.2 ரகம், உன்னுடையது படம் எடுக்கும் பி.ஆர்.57 ரகம், வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்து எழுது. ஆக்ராவில் ஒருத்தர் இருக்கிறார், அவருக்குக் கண்டிப்பாகத் தெரியும் என்று வாய்விட்டுவிட்டேன். நீ அரக்கோணத்துக்கு வந்து வருஷக்கணக்காகிறது என்பதே அப்போது மறந்துவிட்டது.

அன்புடன்,
கோபால்