திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் சேர்த்து வசூல் செய்யுங்கள்

ரெயூனியன் தீவின் தெற்குக் கரைக் கோயில் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், கால்பந்து விளையாடும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும்,

வணக்கம்.

சேன்-பியேரில் ஞாயிறு தமிழ் வகுப்பு எடுக்கும் காரைக்கால்காரன் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உங்களில் பலருக்கு வாசிக்க வராது என்று தெரியும். என் மாணவர்கள் படித்துத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்வார்கள். அவர்களுக்கும் அது ஒரு பயிற்சி.

விஷயத்துக்கு வருகிறேன். பிரான்சில் ஏதாவது ஒரு கால்பந்து கிளப் நம் பையனைக் கூப்பிட்டுவிட்டால் போதும், இங்கே ஊரே அமளிதுமளிப்படுகிறது. அவன் பெயரில் அர்ச்சனை, சால்வை, மாலை, சாப்பாட்டுப் பந்தியில் வசூல். பிரான்சு அணிக்கே ஆடிய நம் தீவுக்காரர் பெயரில் "நம்ம பயெட்" என்று பெரிய எழுத்தில் பேனர் வேறு. பையனுக்கு வயது பதின்மூன்று. கையில் இருப்பது ஒப்பந்தமும் இல்லை, வந்து ஆடிக் காட்டச் சொல்லும் ஒரு கடிதம். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே பையன் திரும்பி வருகிறான். விமான நிலையத்துக்கு அவன் அப்பா மட்டும் போகிறார்.

அப்படி வந்த ஒருவன் இப்போது என் வகுப்பில் இருக்கிறான். பெயர் வேண்டாம். கோயில் மண்டபச் சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தைக் கழற்றிவிட்டார்கள். போன காவடியன்று பந்தியில் ஒரு பெரியவர் அவன் அம்மாவிடம், "அவ்வளவு காசு சேர்த்துக் கொடுத்தோமே, என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். ரசம் ஊற்ற வந்தவரிடம் அந்த அம்மா போதும் என்று கை காட்டிவிட்டு எழுந்து போனார். பையன் பாதி இலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். கேட்டவர் கெட்டவர் இல்லை. ஆனால் கொடுத்த ஐம்பது யூரோவுக்கு ஒரு பிள்ளையைக் கடன்காரனாக்கிவிட்டார்.

பேனரில் யார் பெயரைப் போடுகிறீர்களோ அவர் கதையையாவது முழுசாகத் தெரிந்துகொண்டு போடுங்கள். திமித்ரி பயெட் தமிழ் வம்சத்தில் நம்மவரா இல்லையா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். தீவின் பிள்ளை, அது போதும். 1987-இல் சேன்-பியேரில் பிறந்தவர். தெற்கிலேயே பந்து பழகி, 1999-இல், 12 வயதில், பிரான்சின் லு ஆவ்ர் கிளப்பின் பயிற்சி மையத்துக்குப் போனார். நான்கு வருடம் அங்கே. பிறகு 2003-இல் ஊர் திரும்பிவிட்டார். பேனர் அடிப்பவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான்.

இங்கே சேன்-ஜோசப்பின் எக்ஸெல்சியோர் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. 16 வயதில் நம் தீவின் முதல் பிரிவில், பெரிய ஆட்களோடு மோதி ஆட வேண்டிய இடத்தில், இரண்டு வருடம் ஆடினார். 2005-இல் பிரான்சின் நாந்த் கிளப் கூப்பிட்டது. மறுபடி கடல் தாண்டினார், இந்த முறை 18 வயதில். அந்த டிசம்பரிலேயே போர்தோ அணிக்கு எதிராக முதல் ஆட்டம். அடுத்த பருவத்தில் ஏறக்குறைய முப்பது லீக் ஆட்டங்கள். அதுவும் என்ன பருவம்! 1963 முதல் முதல் பிரிவை விட்டு இறங்காத நாந்த், 2007-இல் கடைசி இடத்துக்குப் போய் இறங்கியது. அப்படிப்பட்ட அணியிலிருந்தும் இந்த 20 வயது மிட்ஃபீல்டரை, அதாவது நடுக்கள ஆட்டக்காரரை, சேன்-எத்தியேன் கிளப் கண்டெடுத்தது. அங்கேயும் எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. 2010 ஆகஸ்டில் ஆட்டத்தின் நடுவே சக வீரர் மத்துய்தியையே தலையால் முட்டினார். அடுத்த மாதம் பக்கத்து ஊர்ப் பரம எதிரியான லியோனின் மைதானத்தில் ஒரு ஃப்ரீ கிக்கில் ஆட்டத்தையே வென்று கொடுத்தார். அக்டோபரில் பிரான்சு சட்டை போட்டார்.

2016 யூரோ கோப்பைத் தொடக்க ஆட்டத்தில் 89-ஆம் நிமிடம் ருமேனியாவுக்கு எதிராக இடது காலால் அடித்தாரே, அந்தக் கோல் விழுந்தபோது நமக்கு இரவு ஒரு மணி ஆகப் போகிறது. தீவில் யார் தூங்கினோம்? அந்தக் காலுக்கு எக்ஸெல்சியோரில் ஆடிய இரண்டு வருடமும் சொந்தம்.

கோல் அடிக்கிற பையனைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். நம் தீவின் ஃப்ளோரோன் சினமா-பொங்கோல் 2001-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் 9 கோல் அடித்தார். பிரான்சு கோப்பையை வென்றது. அவர்தான் சிறந்த ஆட்டக்காரர். எண்ணிப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நடுக்களத்தில் ஆடுகிறவன் கதை வேறு. நான் சொன்ன பையனைப் பாருங்கள்: பந்து அவனிடம் வருவதற்குள் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பந்து காலில் படும்போது அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டிருக்கும். பதின்மூன்று வயதில் தேர்வு மைதானத்தில் இது எடுபடாது. அங்கே உயரமும் வேகமும்தான் கண்ணில் படும். ஒரு நாற்றை மாற்றி நட்டு, வேர் பிடிக்கும் முன் பிடுங்கிப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது நாம் செய்வது.

அதே லு ஆவ்ரில் இன்னொரு மிட்ஃபீல்டரும் வளர்ந்தார்: விகாஷ் தொராசூ. பெற்றோர் மொரீஷியஸிலிருந்து போனவர்கள். 1993-இல் லு ஆவ்ர் முதல் அணி, பிறகு லியோன், 2004-இல் இத்தாலியின் மிலான் கிளப், 2006-இல் பிரான்சு அணியோடு உலகக் கோப்பை. ஆனால் அவர் வளர்ந்த ஊரே அதுதான். நம் பிள்ளை 9,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஜனவரிக் குளிரில், விடுதிச் சாப்பாட்டோடு இருக்கிறான்.

சட்டம் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை நாடு விட்டு நாடு கிளப் மாற்ற உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பொதுவாகத் தடை போட்டிருக்கிறது. ரெயூனியன் 1946 முதல் பிரான்சின் மாவட்டம். ஆகவே பதினோரு மணி நேரம் பறந்து போனாலும் அது உள்நாட்டு மாற்றம்தான். அந்தத் தடை நமக்கு உதவாது.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை துடிக்கிறான், பெற்றவர்களுக்கும் மனசு இருக்கிறது என்றால் போகட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை மாலையும் பேனரும் வேண்டாம். வசூல் செய்யும்போதே அம்மாவோ அப்பாவோ வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வர ஒரு பங்கை ஒதுக்குங்கள். அவன் திரும்பி வந்தால் டியூஷனுக்கு ஒரு பங்கு. கொடுத்தவர் யார், எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசிப்பதை நிறுத்துங்கள். பந்தியில் கேள்வி பிறப்பதே அங்கேதான்.

திரும்பி வந்தவனுக்கு இங்கே ஆட இடமில்லை என்று யாராவது சொன்னால், 2020 ஜனவரியை நினைவுபடுத்துங்கள். நம் ஊர் கிளப் சேன்-பியெருவாஸ் பிரான்சுக்கே போய், இரண்டாம் பிரிவு நியோர் அணியை 2-1 என்று தோற்கடித்து, பிரெஞ்சுக் கோப்பையின் கடைசி 32 அணிகளுக்குள் நுழைந்தது.

அடுத்த தைப்பூசத்துக்கு முந்தைய நிர்வாகக் கூட்டத்தில் இதை வையுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். அந்தப் பையன் இப்போது உள்ளூர்ப் பெரியவர் அணியில் சேர்ந்துவிட்டான். ஞாயிறு மாலைகளில் ஆட்டம். வகுப்பு முடிந்து நாங்கள் நான்கைந்து பேர் போகிறோம். காரில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. பந்தியில் கேட்ட அந்தப் பெரியவர் வந்தால் அவரையே ஏற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு வாத்தியார்
சேன்-பியேர்