பலகை காயட்டும், தாயி

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

தீபாவளிக்கு வந்தபோது உன் பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து என் கையில் வைத்தாய். ஐ.டி.ஐ. பட்டறையில் நீ செய்த கழுந்துப் பொருத்து, ஒரு கட்டையின் செதுக்கிய முனை இன்னொன்றின் துளைக்குள் இறங்குகிற வேலை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லித் திண்ணையில் வைத்தேன். உன் முகம் வாடியது தெரிந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. நீ பல்லவனில் ஏறிச் சென்னைக்குப் போன அன்று மத்தியானம் பார்த்தால், அந்தத் துண்டு திண்ணையிலேயே கிடந்தது. நீ எடுத்துக்கொண்டு போகவில்லை.

எடுத்துக் கழற்றிப் பார்த்தேன். கழுந்தின் தோள் நாலு பக்கமும் ஒரே கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. துளையின் உள்சுவரில் ஒரே ஒரு இடத்தில்தான் உளி சறுக்கியிருக்கிறது. தட்டினால் இறங்குகிறது, தானாகக் கழன்று விழவில்லை. மூன்று மாதத்தில் எனக்கு இப்படி ஒரு பொருத்து வந்ததில்லை தாயி. மூன்று வருஷம் ஆனது. அன்றைக்கு நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்: நன்றாகச் செய்திருக்கிறாய்.

இதைச் சொல்லவே இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன் என்றால், நீ சேர்ந்தபோது சொல்லாமல் விட்டதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பி.காம். முடித்து, பர்னிச்சர் கடையில் இரண்டு வருஷம் பில் போட்டுவிட்டு, ஒருநாள் வந்து "கார்பெண்டர் டிரேடில் சேரப்போகிறேன் அப்பா" என்றாய். இந்த வயதில் யார் சேர்ப்பார்கள் என்று கேட்டேன். ஆண்களுக்கு நாற்பது வயது வரை, பெண்களுக்கு மேல்வரம்பே இல்லை, எட்டாவது தேறியிருந்தால் போதும், ஒரு வருஷப் படிப்பு என்று விண்ணப்பத்தையே காட்டினாய். மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. பொம்பளைப் பிள்ளை உளி பிடிப்பதா என்று உன் பெரியப்பா கேட்டபோது நான் அவரை மறுத்துப் பேசவில்லை. அந்த எண்ணம் எனக்குள்ளும் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அது என் இடது கையில் இருக்கிறது.

ஆள்காட்டி விரலின் நுனி இல்லாததை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். வேலையில் அடிபட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். உன் அம்மாவைக் கட்டுவதற்கு முந்தின வருஷம், வெளியூரில் ஒரு பட்டறையில் கூலிக்கு இருந்தேன். அங்கே இருந்த வட்ட ரம்ப மேசையில் பிளேடுக்கு மேல் மூடி கிடையாது. மூடி இருந்தால் வேலை மெதுவாகிறது என்று முதலாளி கழற்றி வைத்திருந்தார். நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம், சரியாகக் காயாத வேப்பம் பலகையை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். மரத்துக்குள் ஒரு இறுக்கம் உண்டு. அறுக்க அறுக்க அது அவிழும். சில நேரம் அறுத்த வாய் பின்பக்கம் மூடிக்கொண்டு பிளேடைப் பிடித்துவிடும். அப்போது பிளேடின் பின்புறத்துப் பற்கள், கீழிருந்து மேலே வருகிற பற்கள், பலகையைத் தூக்கி அறுக்கிறவன் மேலேயே எறியும். பலகை என் வயிற்றில் அடித்தது. அதை அமுக்கியிருந்த இடது கை பிளேடு இருந்த பக்கம் போனது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். அடுத்த வாரம் போனபோது என் இடத்தில் வேறு ஆள் நின்றான்.

உன் பட்டறையில் பிளேடுக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புத் தகடு நிற்கும். அறுத்த வாய் மூடாமல் பிரித்துப் பிடிப்பதற்காகத்தான் அது. அதையும் மேல்மூடியையும் கழற்றச் சொல்கிற இடத்தில் நீ வேலை செய்யக் கூடாது. எவ்வளவு கூலி கொடுத்தாலும் சரி. குறுகலான துண்டை விரலால் தள்ளாதே, தள்ளுகட்டையால் தள்ளு. பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒரு அடி பக்கவாட்டில் தள்ளி நில். சுற்றுகிற மிஷின் பக்கத்தில் கையுறை போடாதே. கையைக் காக்கும் என்று தோன்றும், ஆனால் நூல் மாட்டினால் கையையே இழுத்துக்கொள்ளும். துப்பட்டாவும் அப்படித்தான். பின்னலைச் சுருட்டித் துணிக்குள் கட்டு. இதையெல்லாம் உன் ஆசிரியர் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் விரலும் ஒரு தடவை சொல்லட்டும்.

அப்புறம் தூள். ராத்திரியில் நான் இருமுவதைக் கேட்டுவிட்டு, போனில் எதையோ தேடி எனக்கு வாசித்துக் காட்டினாயே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று 1995-லேயே சொல்லிவிட்டது என்று. நாற்பது வருஷமாகத் துண்டைக்கூட மூக்கில் கட்டாமல் இழைத்திருக்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த மூக்குக் கவசத்தை இப்போது போடுகிறேன். பக்கத்துப் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் போடுகிறார்கள். மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையை அறுக்கும்போது வருகிற தூள் மாவு மாதிரி காற்றிலேயே நிற்கும், அதன் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் கெட்டது. அந்த வேலையை வெளியில் காற்றோட்டத்தில் வைத்துக்கொள்.

இனி நல்ல விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குப் போனது பதின்மூன்று வயதில், என் மாமாவிடம். முதல் வருஷம் உளியைத் தொட விடவில்லை. சீவல் கூட்டுவேன், டீ வாங்கி வருவேன், பலகையின் மறுமுனையைப் பிடிப்பேன். ஏன் என்று கேட்டால் அடிக்கோலால் முட்டியில் ஒரு அடி விழும். பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். கை பழகியது, ஆனால் காரணம் தெரியாது. மூலை செங்கோணமாகச் சேர்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நாலு அடி குறித்துக் குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று அளப்போம். அது பள்ளிக்கூடக் கணக்கு என்று நீ எட்டாவது படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் புத்தகத்தில் அந்த முக்கோணத்தைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வரைபடம்தான் எனக்கு வராமலே போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு ஆறு கதவு நிலை செய்தேனே, நினைவிருக்கிறதா? இன்ஜினியர் கொடுத்த தாளில் எல்லாம் மில்லிமீட்டர். நமக்கு அடி, அங்குலம், நூல். எட்டு நூல் ஒரு அங்குலம், அதில் நான் தப்பு விட்டதில்லை. மில்லிமீட்டரை அங்குலமாக்கியதிலும் தப்பில்லை. அந்த அளவு சுவரில் விட்டிருக்கிற திறப்புக்கா, நிலையின் வெளிப்பக்கத்துக்கா, உள்பக்கத்துக்கா என்பதில்தான் தவறினேன். குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுகிற வெட்டுப்படம் பார்க்கத் தெரிந்திருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவும் கூச்சம். ஆறு நிலையும் சுவருக்குள் நுழையவில்லை. தேக்கு. இரண்டு மாதக் கூலி அதில் போனது. கடன் எதற்கு என்று உன் அம்மா கேட்டபோது மரம் விலை ஏறிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அதனால் வரைபட வகுப்பு அலுப்பாக இருக்கிறது என்று நீ சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. மேற்பார்வை, முன்பார்வை, வெட்டுப்படம் மூன்றையும் கண் மூடினாலும் தெரியும்படி போட்டுப் பழகு. மாடிப்படிக் கணக்கும் அப்படித்தான். ஏறுகிற உயரத்தை இரண்டால் பெருக்கி, மிதிக்கிற அகலத்தைக் கூட்டினால் இருபத்திநாலு அங்குலத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று உன் நோட்டில் இருந்தது. நான் கட்டிய படிகளை அன்றைக்கு ராத்திரியே டேப் வைத்து அளந்தேன். பழைய படிகளில் எதில் கால் இடறும் என்று எனக்குத் தெரியும். அவற்றில்தான் கணக்கு தப்பியிருந்தது.

சான்றிதழைப் பற்றியும் ஒன்று. நீ கைக்குழந்தையாக இருந்தபோது துபாய்க்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னைக்குப் போனேன். செய்து காட்டச் சொன்னார்கள், செய்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு சான்றிதழ் கேட்டார்கள். என்னிடம் என்ன இருந்தது? தொழில் தெரிந்தவன் என்று சொல்ல என் மாமா இருந்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பி வந்தேன். அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி நீ வாங்கப்போகிற தேசியத் தொழிற்சான்றிதழ் அந்த மேசையில் வைக்கக்கூடிய காகிதம். அதை வாங்கியதும் உடனே கூலிக்கு ஓடாதே, அப்ரண்டிஸ் போ. 1961-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது, பழகுகிற காலத்துக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸ் எடுக்கும் தொழில்களில் கார்பெண்டரும் உண்டு. 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிற இடம். நான் பார்த்தேயிராத மிஷின்களை நீ அங்கே பார்க்கலாம். இப்போதே விசாரித்து வை.

ஆனால் சில காரியங்களை ஒரு வருஷத்தில் யாராலும் உனக்குக் கொடுக்க முடியாது. அவற்றை என்னிடம் வாங்கிக்கொள். உளி தீட்டுவது முதலில். உதவித்தொகையாக மாதம் வருகிற 750 ரூபாயில் மிச்சம் பிடித்து எண்ணெய்க்கல் வாங்கினாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். சாய்வை இருபத்தைந்து பாகைக்குச் சாணை பிடி, முனையை மட்டும் முப்பதில் தீட்டு. எல்லோரும் சாய்வுப் பக்கத்தைத் தீட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். தட்டையான முதுகு கல்லில் முழுசாகப் படிந்து கண்ணாடி மாதிரி ஆகாவிட்டால் கூர் நிற்காது. தேக்குக்குள் மணல் மாதிரி ஒரு சத்து இருக்கிறது, கூரைத் தின்றுவிடும். அரைமணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து போய்த் தீட்டு. அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அடுத்தது மழை. இப்போது இங்கே ஊரெல்லாம் கதவு இறுகிக் கிடக்கிறது, தினமும் இரண்டு பேர் வந்து இழைத்துவிடச் சொல்கிறார்கள். நான் இழைப்பதில்லை. ஐப்பசியில் இழைத்தால் பங்குனியில் சந்து விடும். மரம் ஈரத்தைக் குடித்து அகலத்தில் ஊதும், நீளத்தில் ஊதுவது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் கதவுச் சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், இரண்டு பக்கமும் ஒரு நூல் இடம் விட்டுச் சும்மா நிறுத்துகிறோம். ஒட்டினால் ஊதும்போது சட்டத்தைப் பிளக்கும், சுருங்கும்போது தானே வெடிக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவுகள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. பழுது பார்க்கக் கழற்றும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்தக் காடியைத்தான். அந்தக் காலத்து ஆட்கள் பலகைக்கு மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறார்கள். நீ பொங்கலுக்கு வரும்போது ஒரு கதவைக் கழற்றிக் காட்டுகிறேன். வேலைக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், என் மகள் வந்து பார்க்க வேண்டும், அதுவரை பூட்ட வேண்டாம் என்று. பெரியப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

ஒரு செய்தி. நீ சேர்ந்த வாரத்தில் ஊருணிக் கரையில் நின்ற பூவரசு காற்றில் சாய்ந்தது. ஏலத்தில் நான்தான் எடுத்தேன். மில்லில் ஒரு அங்குலப் பலகையாக அறுத்து, கொட்டகை நிழலில் இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கியிருக்கிறேன். முனை வெடிக்காமலிருக்க இரண்டு முனையிலும் பெயின்ட் பூசினேன். நடுமரமான வைரம் கருஞ்சிவப்பாக இருக்கிறது, வெளிப்பக்கத்து வெளிறு கொஞ்சம்தான். அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது எங்கள் கணக்கு. நீ படிப்பை முடிக்கிற சமயத்தில் தயாராகிவிடும். உன் அம்மா ரொம்ப நாளாக ஒரு பீரோ கேட்கிறாள். படம் நீ போடு, மில்லிமீட்டரிலேயே போடு. எது வெளியளவு, எது உள்ளளவு என்று உட்கார்ந்து எனக்குச் சொல்லிக் கொடு. பொருத்துகளை நாம் இரண்டு பேரும் பாதி பாதி போடுவோம்.

என் மாமா கொடுத்த சின்ன இழைப்புளியைப் பார்சலில் அனுப்புகிறேன். இரும்பு தேய்ந்து பாதியாகிவிட்டது, ஆனாலும் நல்ல இரும்பு. வெயிலில் வைக்காதே. உன் பொருத்தைத் திருப்பி அனுப்பவில்லை. என் மேசையில் இருக்கட்டும்.

அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள். விடுதிப் பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா