முதிர்ந்த மரங்களுக்குக் கோடை நீர்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

பெரம்பூர் குடியிருப்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் வளாகத்து வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி மரங்கள் முதிர்ந்தவை என்பதால் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று பலர் கருதுகிறோம். ஆனால் சுற்றிலும் சிமென்ட் தளம் போட்டு மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் செய்த இடத்தில் நிற்கும் மரம், கத்திரி வெயிலில் உண்மையிலேயே வாடுகிறது. நீரை உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 2 அடிக்குள், கிளைகளின் நிழல் எல்லையிலும் அதற்கு அப்பாலும் பரவியிருப்பதால், தூரில் குடம் குடமாக ஊற்றுவதில் பயன் குறைவு. நிழலின் ஓரத்தில் குழாயை மெல்லத் திறந்துவிட்டு, ஓரடி ஆழம் ஈரம் இறங்கும்வரை மாலையில் பாய்ச்சி, மண் காய்ந்த பின்னரே மறுமுறை பாய்ச்சுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அதை ஊற்ற வேண்டாம்.

சருகுகளை எரிக்காமல், அடிமரத்தைத் தொடாதவாறு 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்த அச்சத்தில், உச்சியை மொட்டையாக வெட்டிவிடலாம் என்று சிலர் கூறுகின்றனர். அந்த வெட்டில் துளிர்க்கும் கிளைகள் வலுவின்றி ஒட்டியிருந்து எளிதில் முறியும் என்பதால், இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். காய்ந்த கிளைகளை மட்டும் மழைக்காலத்துக்கு முன் நீக்குவோம்.